பறவை மேதை மர்ஹூம் சாலிம் அலி

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜீயின் இல்லத்தில் வளர்ந்தார். பையனாயிருக்கையில் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, புசிக்க ஆகுமானதா என்ற ஐயம் பிறந்தது. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அன்னாரின் வாழ்வு அங்கேதான் திரும்பிற்று.

1914-ல் குடும்ப வியாபாரத்துக்காக பர்மாவின் தவாய்க்குச் சென்றார். கணக்கேட்டை விடக் காட்டிலேயே நாட்டம்; வியாபாரம் நிலைக்கவில்லை. (வியாபாரிகளாகிய நாம் முகஞ் சுளிக்கக்கூடும்!) 1929-ல் பெர்லினில் பயின்று திரும்பி, மறு ஆண்டு கீஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். நாகூருக்குத் தெற்கே கோடியக்கரையிலும் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தார். 1987 ஜூனில் காலமானார்.

தானியம் தின்னும் தூக்கணாங்குருவியும் குஞ்சுக்குப் பூச்சியையே ஊட்டும். பூச்சி அற்றால் குஞ்சு பிழையாது. அன்னார் பயின்ற அதே ஜெர்மனியில், பாதுகாக்கப்பட்ட இடங்களிலேயே 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் குறைந்ததென்று 2017-ல் ஓர் ஆய்வு கூறிற்று. வயலுக்குத் தெளிக்கும் மருந்து, புதர்கள் அழிதல், இரவெல்லாம் எரியும் விளக்கு ஆகியவை மீது அறிஞருக்குச் சந்தேகம். பூச்சி மருந்தோ நம் மளிகைக் கடைகளில் நன்றாக விலை போகும் சரக்கு.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் காகத்துக்கும் மைனாவுக்கும் குறைவில்லை. இனிமையாகப் பாடும் பாராவ்-பாராவ் பறவைக்குத்தான் பூச்சிக் குறைவினும் பெரிய ஆபத்து, கூண்டு. பிடித்து விற்றே அதை ஜாவாக் காடுகளில் ஒழித்துவிட்டனர். 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.