40 ஆயிரம் பங்கு, 2 கப்பல், ஒரு விலைப் போர்: வ.உ.சி.யின் கம்பெனிக்கு என்ன ஆச்சு?

வ.உ.சி. என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று கப்பல், இன்னொன்று செக்கு. பள்ளிப் பாடப் புத்தகமும், 1961ல் சிவாஜி நடித்து வெளியான 'கப்பலோட்டிய தமிழன்' படமும் சேர்ந்து பதிய வைத்த காட்சிகள் அவை.

ஆனால், கப்பலுக்கும் செக்குக்கும் நடுவே ஒரு பிசினஸ் கதை இருக்கிறது. பங்கு வெளியீடு, முதலீட்டாளர்கள், போட்டி நிறுவனத்தின் அதிரடி ஆஃபர், அரசின் தலையீடு என்று இன்றைய ஸ்டார்ட்-அப் உலகத்துக்குப் பழக்கமான எல்லாமே அதில் உண்டு. செக்குக்குப் பிறகு 24 வருஷ வாழ்க்கையும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதே இல்லை.

யார் இந்த வ.உ.சி.?

1872 செப்டம்பர் 5. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் உலகநாதன் - பரமாயி தம்பதிக்கு மூத்த மகனாகப் பிறந்தார் சிதம்பரம். அப்பா வக்கீல். மகனும் சட்டம் படித்து, வக்கீல் தொழிலுக்கே வந்தார்.

சொந்த ஊரில் கொஞ்ச காலம் தொழில் செய்துவிட்டு, 1900ல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். வருமானத்துக்குக் குறைவில்லை. தமிழ் இலக்கியத்தில் ஈடுபாடு, சைவ சித்தாந்தத்தில் ஆர்வம், ஊரில் மரியாதை. அப்படியே இருந்திருந்தால், வசதியான ஒரு வக்கீலாக நிம்மதியாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம்.

1905ல் வங்காளத்தைப் பிரிட்டிஷ் அரசு இரண்டாகப் பிரித்தது. எதிர்ப்பு சுதேசி இயக்கமாக மாறி நாடு முழுக்கப் பரவியது. அந்நியத் துணியை வாங்காதே, உள்நாட்டுப் பொருளை வாங்கு என்பதுதான் பல ஊர்களில் சுதேசி. தூத்துக்குடியில் இருந்த வ.உ.சி. கடலைப் பார்த்தார்.

ஏன் கப்பல்?

காரணம் சிம்பிள். தூத்துக்குடியின் பொருளாதாரமே துறைமுகத்தை நம்பித்தான் இருந்தது. அப்போது பாம்பன் ரயில் பாலம் கிடையாது; அது 1914ல்தான் திறக்கப்பட்டது. எனவே சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால், ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பல் ஏறுவதுதான் முக்கிய வழி. வியாபாரிகள், தோட்டத் தொழிலாளர்கள், சரக்குகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போயின.

இந்த வழித்தடம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. தூத்துக்குடியில் அதன் ஏஜென்ட், ஏ அண்ட் எஃப் ஹார்வி நிறுவனம். அதே ஹார்வி குழுமத்தின் கையில்தான் ஊரின் பெரிய நூற்பாலையான கோரல் மில்லும் இருந்தது. கடலிலும் அவர்கள், கரையிலும் அவர்கள். கட்டணம் எவ்வளவு, யாருடைய சரக்கு எப்போது ஏறும் என்பதையெல்லாம் ஒரே தரப்பு முடிவு செய்தால் உள்ளூர் வியாபாரி என்ன செய்ய முடியும்?

இந்த ஏகபோகத்தை உடைக்கத்தான் வ.உ.சி. கிளம்பினார்.

பணம் எங்கிருந்து வந்தது?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி லிமிடெட் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர்கள், இலங்கையர்கள் உள்ளிட்ட ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. வெள்ளைக்கார கம்பெனி பின்வாசல் வழியாகப் பங்குகளை வாங்கி, நிர்வாகத்தைக் கைப்பற்றிவிடக் கூடாது இல்லையா?

தலைவர் பொறுப்பில் இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் இவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதாவது மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒருவரிடமிருந்தே வந்தது. வ.உ.சி. வகித்தது உதவிச் செயலாளர் பதவி. பதவியின் பெயர் சின்னதாக இருந்தாலும், ஓடியாடி வேலை பார்த்தது அவர்தான்.

ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்த நிறுவனம் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு கொழும்பிலிருந்து வாடகைக் கப்பல் பிடித்தார்கள். அடுத்தவர் கப்பலை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? சொந்தக் கப்பல் வாங்கியே தீருவது என்று வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். 1907 மே மாதம் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

விலைப் போர்

சுதேசி கப்பலில் கூட்டம் அலைமோதியது. வியாபாரிகள் சரக்குகளை இந்தப் பக்கம் திருப்பினார்கள். போட்டி நிறுவனம் கையில் எடுத்த ஆயுதம், கட்டணக் குறைப்பு.

பயணக் கட்டணத்தை அது ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி கம்பெனி எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு இறங்கி வந்தது. பதிலுக்கு பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள் என்ற அளவுக்குப் போனது. ஏறியவர்களுக்குக் குடையும் இனாமாகக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

புதுசா வந்த ஆப் ஒன்று முதல் சில மாதங்கள் அடிமாட்டு விலைக்கு ஆஃபர் கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இது அதற்கு நேர் எதிர். ஏற்கெனவே சந்தையை வைத்திருக்கும் பெரிய நிறுவனம், புதிதாக வந்தவரை ஒழித்துக்கட்ட நஷ்டத்தில் விற்பது. பல துறைமுகங்களில் கப்பல் ஓட்டும் கம்பெனிக்கு ஒரு வழித்தடத்தில் நஷ்டம் வந்தால், மற்ற இடங்களில் வரும் லாபத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒரே வழித்தடத்தில் இரண்டே கப்பல் ஓட்டும் கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது. நிலக்கரி, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் டிக்கெட் விலை குறைந்தாலும் குறையாது. நாள் ஆக ஆக மூலதனம் கரையும்.

சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் போட்டியாளரை வெளியேற்ற இப்படி விலையை அடித்து நொறுக்குவது, இந்தியாவின் 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டப்படி தவறு. 1907ல் அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. அரசும் நடுவராக இல்லாமல், எதிர் அணியில்தான் நின்றது.

மில் வாசலில் ஒரு திருப்பம்

வ.உ.சி. கம்பெனி வேலையோடு மட்டும் நின்றிருந்தால் அரசு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தெரியாது. ஆனால் அவர் நிற்கவில்லை.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை இல்லாதது போன்றவைதான் பிரச்சினை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். போராட்டம் நடந்த நாட்களில் தொழிலாளர் குடும்பங்களின் சாப்பாட்டுக்கும் ஊரே உதவியது. இரண்டு வாரங்களுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

கப்பலிலும் சவால், மில்லிலும் சவால். ஹார்வி நிறுவனத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரே தலைவலியாக வ.உ.சி. தெரிந்தார். வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் நிகழ்வுகளுக்கு அதிகாரிகள் தடை போட்டார்கள். தடையை மீறிக் கொண்டாட்டம் நடந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எனப் பல அரசுக் கட்டிடங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர்.

35 வயது, 40 ஆண்டு தண்டனை

1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. அப்போது வ.உ.சி.க்கு 36 வயதுகூட நிறையவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை பெருமளவு குறைக்கப்பட்டது.

கோவை சிறையில்தான் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். மாடு இழுக்க வேண்டியதை மனிதர் இழுத்தார். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பிறகு கண்ணனூர் சிறைக்கு மாற்றப்பட்டார். சிறையில் இருந்தபடியே ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று மொழிபெயர்த்தார், 'மெய்யறம்' எழுதினார்.

வெளியே கம்பெனியின் நிலைமை? ஓடியாடிய ஆள் உள்ளே போனதும் அது தள்ளாட ஆரம்பித்தது. அரசின் கோபத்துக்கு ஆளான கம்பெனியில் மேற்கொண்டு பணம் போட யாருக்குத் துணிச்சல் வரும்? 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்த நிறுவனத்தை எதிர்த்து வாங்கப்பட்டதோ, அந்த பிரிட்டிஷ் கம்பெனிக்கே காலியா கப்பல் விற்கப்பட்டது.

அதற்குப் பிறகு?

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். கைதானபோது ஊரையே அசைத்த மனிதரை வரவேற்க, பெருங்கூட்டம் எதுவும் வரவில்லை. வந்த சிலரில் சிவாவும் ஒருவர். சிறை வாழ்க்கை சிவாவைத் தொழுநோயாளியாக வெளியே அனுப்பியிருந்தது.

தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கம்பெனி இல்லை, தொழிலும் இல்லை. மனைவி மீனாட்சி அம்மாளையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு சென்னையில் வீடு மாற்றி வீடு மாறினார். மண்ணெண்ணெய்க் கடை, மளிகை வியாபாரம் என்று என்னென்னவோ செய்து பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயம் அவர் நிலைமையைச் சொல்லும். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகக் கொஞ்சம் பணம் திரட்டி, காந்தி வழியாக அனுப்பியிருந்தார்கள். அந்தப் பணம் வந்து சேரவில்லை. 1915ல் தொடங்கி காந்திக்கும் வ.உ.சி.க்கும் இது பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. ஒருவழியாக 1916ல் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் 10 லட்ச ரூபாய் கம்பெனியை நடத்தியவருக்கு, அன்று அது பெரிய தொகை.

பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல், தன் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவருக்கு, உதவிய வெள்ளையரிடம் நன்றி காட்டுவதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அரசியலை அவர் முழுசாக விட்டுவிடவும் இல்லை. திரு.வி.க. போன்றவர்களோடு சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் பங்கெடுத்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் உடன்பாடு இல்லாததால் 1920ல் காங்கிரஸிலிருந்து விலகி, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். கோவை, கோவில்பட்டி, தூத்துக்குடி என்று ஊர் ஊராக வக்கீல் தொழில் செய்தார். நடுவே தொல்காப்பியம் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார்.

1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கி உட்படக் கடன் விவரங்களைத் தன் உயிலில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

அப்போ அது தோல்வியா?

கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால், ஆமாம். ஐந்து வருஷத்துக்குள் கம்பெனி மூடப்பட்டது. பங்கு வாங்கியவர்களின் பணம் முழுகியது. ஒரே மனிதரை மையமாக வைத்து இயங்கியது அதன் பெரிய பலவீனம். அந்த ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டதுமே எல்லாம் சரிந்துவிட்டது.

ஆனால் இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 5ஐ தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். 1919ல் அன்றுதான் சிந்தியா நிறுவனத்தின் எஸ்.எஸ். லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்தது அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு. சிந்தியாவும் இதேபோன்ற கட்டணப் போரைச் சந்தித்தது. ஆனால் தாக்குப்பிடித்தது.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றுபோனது. இந்தமுறை எதிரில் ஏகபோகமும் இல்லை, காலனி அரசும் இல்லை. அப்படியும் இந்த வழித்தடத்தில் கப்பல் ஓட்டுவது லேசான காரியமாக இருக்கவில்லை. இலவச டிக்கெட்டும் குடையும் கொடுத்த போட்டியாளரை எதிர்த்து, கலெக்டர் முதல் கோர்ட் வரை பகைத்துக்கொண்டு வ.உ.சி. ஓட்டியது எப்படிப்பட்ட ஓட்டம் என்பது இதிலிருந்தே புரியும்.