கற்பனை எண்ணும் உண்மை எண்ணும்: மகலனோபிஸின் வாழ்க்கை

கணினி இந்தியாவுக்கு வராத காலத்திலேயே, இன்று மென்பொருள் படிக்கும் மாணவர்கள் செய்கிற ஒரு வேலையைச் செய்து முடித்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். சோதித்துப் பார்ப்பதற்காகக் கற்பனை எண்களை உருவாக்குவதுதான் அந்த வேலை.

1893 ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த இவர், பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து, 1913-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவருக்கு நண்பராக வாய்த்தவர் நம் கணித மேதை இராமானுஜன். குளிரில் நடுங்கிய இராமானுஜனுக்குக் கம்பளிகளுக்கு இடையில் நுழைந்து படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவர் இவர்தான்.

1915-இல் ஊர் திரும்ப இருந்தபோது போரினால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாள்களில் ‘பயோமெட்ரிகா’ என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகள் கண்ணில் பட்டன. அவற்றை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். இயற்பியல் ஆசிரியர் புள்ளியியல் அறிஞரானதற்கு அதுவே தொடக்கம்.

1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1933-இல் ‘சங்க்யா’ என்ற ஆய்விதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அவரும் உடன் பணியாற்றியவர்களும் அதில் ஓர் எண் அட்டவணையை வெளியிட்டனர். எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத 41,600 இலக்கங்களை இங்கிலாந்தின் டிப்பெட் 1927-இல் வெளியிட்டிருந்தார். அவற்றைக் கொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பனை எண்களை இவர்கள் உருவாக்கினர். தனித்தனியே பார்த்தால் அடுத்த எண் எதுவென்று யாராலும் ஊகிக்க முடியாது. மொத்தமாகப் பார்த்தால் பெரும்பாலானவை நடுவிலும் சில மட்டும் ஓரங்களிலும் விழும். மனிதர்களின் உயரமும் அப்படித்தானே பரவியிருக்கிறது!

இந்த அட்டவணை என்னை ஈர்த்ததற்குக் காரணம் உண்டு. நானும் நண்பர்களும் பல்கலைக்கழகத் திட்டப்பணிக்காக, வேலை நேரத்தைப் பதிவு செய்யும் ஒரு மென்பொருளைச் சோதித்து வருகிறோம். உண்மையான தொழிலாளர்களின் விவரத்தைச் சோதனைக்கு எடுப்பது முறையல்ல. அதனால் இல்லாத ஆள்களுக்கு இல்லாத வேலை நேரத்தை நாங்களே உருவாக்குகிறோம்.

எல்லாரும் காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் போனதாக எழுதிவிடலாம். மென்பொருளும் சோதனையில் தேறிவிடும். ஆனால், கிள்ளான் துறைமுகப் பகுதியில் இரவு 11 மணிக்கு வேலைக்குப் போய்க் காலை 7 மணிக்குத் திரும்புகிறவரின் கதி என்ன? நள்ளிரவில் தேதி மாறுவதை அறியாத மென்பொருள், 7-இலிருந்து 23-ஐக் கழித்து, அவர் ‘மைனஸ் 16’ மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டும். 2023 முதல் நம் நாட்டில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 45 மணி. சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. கணக்குத் தவறினால் குறைவது ஒரு குடும்பத்தின் சம்பளம். ஆகவே இரவு வேலை, மறந்துபோன பதிவு, தீபாவளி விடுமுறை எல்லாம் கற்பனைத் தரவில் இருந்தாக வேண்டும்.

மகலனோபிஸின் அடுத்த பணி இதற்கு நேர் எதிரானது. 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிரிடப்பட்ட பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிட்டார். வயலுக்கே போகாமல் ஒருவர் மனத்தில் தோன்றிய எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால்? அதற்கும் வழி கண்டார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரண்டு முடிவுகளும் பெரிதாக வேறுபட்டால், எங்கோ பிழை அல்லது பொய் இருக்கிறது என்று பொருள்.

1950-இல் இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவருடைய முயற்சியால் தொடங்கியது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் கணினிகளுள் ஒன்று 1956-இல் அவருடைய கழகத்துக்கு வந்தது. 79-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாக, 1972 ஜூன் 28-இல் அவர் மறைந்தார். அவருடைய பிறந்தநாளை இந்தியா தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது.

கற்பனை எண்ணை உண்மை எண்ணைப் போல நடக்க வைத்தவரே, உண்மை இருக்க வேண்டிய இடத்தில் கற்பனை நுழைவதைப் பிடிக்கவும் வழி செய்தார். மென்பொருள் துறைக்குப் போக விரும்பும் மாணவர்கள் இரண்டையும் கற்க வேண்டும். நாம் உருவாக்கும் ஒவ்வொரு கற்பனைக் கோப்பின் பெயரிலும் அது கற்பனை என்று எழுதி வைப்பது நல்ல தொடக்கம்.