திருச்சபையை எழுப்பிய தோல் வியாபாரி

பஞ்சாபின் சியால்கோட் மாவட்டத்தில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சூரா சாதியில் பிறந்தவர் தித். கால் ஊனமுற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். தோல் வாங்கி விற்றுப் பிழைத்தார்.

நத்து என்ற ஜாட் சாதிக்காரர் மூலம் கிறிஸ்துவை அறிந்த அவர், 1873இல் பிரஸ்பிட்டேரியன் மிஷனரி சாமுவேல் மார்ட்டினிடம் ஞானஸ்நானம் கேட்டார். போதிய பாடம் படிக்காதவராயிற்றே என்று தயங்கிய மார்ட்டின், பிறகு கொடுத்தார்.

மிஷன் வளாகத்தில் தங்காமல் ஊருக்கே திரும்பினார் தித். உறவினர்கள் ஏசினார்கள், அவர் அசையவில்லை. சில மாதங்களில் மனைவி, மகள், அண்டை வீட்டார் இருவரைச் சுமார் 30 மைல் நடத்தி அழைத்துவந்து ஞானஸ்நானம் பெறச் செய்தார். தோல் வாங்கப் போன ஊரெல்லாம் தன் விசுவாசத்தைச் சொன்னார்.

சில பத்தாண்டுகளில் அம்மாவட்டச் சூராக்களில் பெரும்பாலோர் திருச்சபையில் சேர்ந்தார்கள். இன்றைய பாகிஸ்தான் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அம்மக்களின் வழிவந்தவர்களே. மிஷனரிகள் எதிர்பார்த்திருந்தது மேல்சாதியாரை. வழி திறந்தவர் தித்.