பெயர் மறைந்து வாழ்ந்த பொறிஞர்

1957-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள், மனிதன் செய்த கோள் ஒன்று முதன்முதலாக விண்ணில் ஏறி உலகை வலம்வந்தது. எங்கும் அதனைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. ஆயினும், அதனை ஆக்கி ஏவியவர் யாவர் என வினவினால் விடை கூறுவார் இலர். சோவியத்து அரசு அவர் பெயரை மறைத்தே வைத்திருந்தது. தலைமை வடிவமைப்பாளர் என்னும் பதவிப் பெயரன்றி உலகம் வேறொன்றும் அறியவில்லை. அவரே செர்கேய் கொரோலியோவ் ஆவார்.

கொரோலியோவ் 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், உக்ரேன் நாட்டுச் சித்தோமிர் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டமையால் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். துறைமுக நகராகிய ஒதேசாவில் கட்டடத் தொழில் பயின்ற காலத்திலேயே, எந்திரமின்றிக் காற்றில் மிதந்து செல்லும் வானூர்தி ஒன்றற்கு வரைபடம் அமைத்தார். அப்பொழுது அவருக்கு வயது 17. பின்னர் மாஸ்கோ சென்று, புகழ்பெற்ற வானூர்தி வல்லுநராகிய துப்பொலேவ் மேற்பார்வையில் பொறியியற் கல்வியை முடித்தார். அக்காலத்தே இராக்கெட்டுப் பற்றுடைய இளைஞர் சிலருடன் கூடி, போதிய பொருளின்றியே உழைத்தார். 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அக்குழுவினர் செய்த சிறிய இராக்கெட்டு வானில் எழுந்தது.

இங்ஙனம் வளர்ந்துவந்த முயற்சி இடையில் முறிந்தது. 1938-ஆம் ஆண்டு சூன் திங்களில், நாட்டுக்குக் கேடு சூழ்ந்தார் என்னும் பொய்க் குற்றம் சாட்டப்பெற்று அவர் சிறைப்பட்டார். துன்புறுத்திக் கையொப்பம் பெற்றனர். பத்தாண்டுத் தண்டனை விதித்தனர். சைபீரியாவின் கடைக்கோடியிலுள்ள கொலிமா என்னும் பனிநிலத்தில், பொற்சுரங்கத்தில் மண் சுமக்க அவர் அனுப்பப்பட்டார். நல்லுணவின்மையால் நோயுற்றுப் பற்களை இழந்தார். அவர் அன்னையார் அலுவலகந்தோறும் சென்று முறையிட்டார். பெயர்பெற்ற வானோடிகள் இருவரும் அவர்பொருட்டுப் பரிந்து பேசினர். வழக்கு மீண்டும் ஆராயப்பட்டு, அவர் மாஸ்கோவுக்குக் கொணரப்பட்டார். ஆயினும் விடுதலை கிட்டவில்லை; கைதிகளாகிய பொறிஞர்கள் வேலைசெய்யும் கூடங்களிலே 1944 வரை இருந்தார். குற்றமற்றவர் என அரசு முழுமையாக ஒப்புக்கொண்டது 1957-இல்தான்!

போர் முடிந்தபின், நெடுந்தொலைவு செல்லும் இராக்கெட்டுகளை ஆக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவை படைக்கலங்களாகவே கருதப்பட்டவை. அவர் உள்ளமோ விண்வெளியையே நாடியது. 1957 ஆகஸ்டில் அவருடைய பெரிய இராக்கெட்டு வெற்றியுடன் பறந்ததும், அதனைக் கொண்டே ஒரு கோளை ஏவலாம் என்று துணிந்தார்.

மேலே சென்ற கோள் கீழே விழாதது எங்ஙனம் என்று ஐயுறலாம். உண்மையில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கையினின்று நழுவிய கல் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் வீழும். நிலவுலகம் உருண்டையாதலின், 8 கிலோமீட்டர் நேராகச் சென்றால் அதன் பரப்பும் 5 மீட்டர் தாழ்ந்துவிடும். ஆகவே நொடிக்கு 8 கிலோமீட்டர் விரைவுடன் கிடையாகச் செல்லும் பொருள், எவ்வளவு வீழ்கின்றதோ அவ்வளவு நிலமும் விலகிவிடுவதால், தரையைத் தொடுவதேயில்லை. காற்றின் தடை மிகக் குறைந்த உயரத்திற்குச் சென்று அவ்விரைவைத் தருவதே இராக்கெட்டின் பணி.

முதலில் பல கருவிகள் அமைந்த பெரிய கோள் ஒன்றையே அனுப்பக் கருதியிருந்தனர். அது முடியக் காலம் நீண்டது. அமெரிக்கர் முந்திவிடுவரோ என்னும் கவலையும் எழுந்தது. எனவே எளியதொரு கோளைச் செய்வோம் என்றார் கொரோலியோவ். 58 சென்டிமீட்டர் குறுக்களவுடைய பளபளப்பான உலோக உருண்டை, நான்கு அலைவாங்கிக் கம்பிகள், எடை 83.6 கிலோகிராம். அவ்வெடையிற் பாதிக்கு மேல் மின்கலங்களே! உள்ளே இருந்த வானொலிக் கருவியின் ஆற்றலோ ஒரு வாட்டு மட்டுமே.

தியூராத்தம் என்னும் பாலைப் புல்வெளியிலிருந்து இராக்கெட்டு எழுந்தபின், ஏவியவர்கள் உடனே மகிழ்ந்துவிடவில்லை. ஒருமுறை சுற்றிவந்து மீண்டும் குரல் கொடுத்தாலன்றோ உறுதி? ஒன்றரை மணி நேரத்திற்குப் பின் அக்குரல் கேட்டது. 15 மீட்டர், 7.5 மீட்டர் அலைகளில் பிப் பிப் என ஒலித்த அதனை, உலகெங்குமுள்ள வானொலி ஆர்வலர் தத்தம் இல்லத்திலிருந்தே கேட்டனர். அவ்வலைகள் காற்றின் மேலடுக்குகளை ஊடுருவி வந்த வகையினின்றும் அறிஞர் பல உண்மைகளை அறிந்தனர். மூன்று வாரத்தில் மின்கலம் ஓய்ந்தது. 1958 சனவரியில் கோளும் எரிந்தழிந்தது.

1961-இல் ககாரினை விண்ணுக்கு அனுப்பியவரும் இவரே. ஆயினும் செய்தி சுமக்கும் கோள்களிலும் அவர் கருத்துச் செலுத்தினார். நிலநடுக்கோட்டின்மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள், வடகோடி ஊர்களுக்கு அடிவானத்தை ஒட்டியே தோன்றும். அதனால் அவர் குழுவினர் மோல்னியா என்னும் கோளுக்கு நீண்ட முட்டைவடிவப் பாதை வகுத்தனர். தொலைவிற் செல்லுங்கால் கோள் மெல்ல நகருமாதலின், அது வடபுலத்தின்மேல் நெடுநேரம் தங்கும். கீழிருந்து வரும் அலையை வாங்கிப் பெருக்கி, வேறோர் அலையில் திருப்பி அனுப்பும். 1964-இல் இரு முயற்சிகள் தோற்றன. 1965 ஏப்பிரலில் வெற்றி கிட்டியது. மாஸ்கோவுக்கும் கீழ்க்கோடியாகிய விளாதிவஸ்தோக்குக்கும் இடையே தொலைக்காட்சிப் படங்கள் சென்றன.

அடுத்த ஆண்டு சனவரி 14-ஆம் நாள், அறுவை மருத்துவத்தின்போது கொரோலியோவ் உயிர் நீத்தார். சிறையில் உடைபட்ட தாடை அன்று மூச்சுக்குழாய் செருகுவதற்குத் தடையாயிற்று என்பர். இரு நாட்களுக்குப் பின் மாஸ்கோ நாளிதழ் அவர் படத்தையும் பெயரையும் வெளியிட்டது. எட்டாண்டுகளுக்கு மேலாக அவர் செயலைப் போற்றிவந்த மக்கள், அவர் முகத்தை அன்றுதான் கண்டனர்.