50 டிகிரி வெயில், மைனஸ் 40 குளிர்... 'தங்கக் கரடி' வென்ற பெண் இயக்குநர் லாரிசா ஷெபிட்கோ யார்?

உக்ரைன் போர்ச் செய்திகளைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு பாக்முத் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். 2022, 2023-ல் மாதக்கணக்கில் சண்டை நடந்து தரைமட்டமான நகரம். அந்த ஊரில் 1938 ஜனவரி 6-ம் தேதி பிறந்த ஒரு பெண்தான், பிற்காலத்தில் பெர்லின் திரைப்பட விழாவின் மிக உயரிய விருதான தங்கக் கரடியை வென்றார். அவர் பெயர் லாரிசா ஷெபிட்கோ. அவர் எடுத்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனா, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு பெரிய போராட்டம் இருக்கு.

யார் இந்த லாரிசா?

சின்ன வயதிலேயே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பள்ளி ஆசிரியையான அம்மாதான் மூன்று பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாஸ்கோ போன லாரிசா, அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்குநர் பிரிவில் சேர்ந்தார். புகழ்பெற்ற உக்ரைன் இயக்குநர் அலெக்சாண்டர் டோவ்ஷென்கோதான் அங்கே அவருடைய குரு.

1956-ல் டோவ்ஷென்கோ இறந்துவிட்டார். அவரிடம் படித்தது கொஞ்ச காலம்தான். ஆனாலும், எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் இதுதான் கடைசிப் படம் என்று நினைத்து எடுக்க வேண்டும் என்ற குருவின் பாடத்தை லாரிசா கடைசி வரை விடவில்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி இயக்கிய முதல் படம்

படிப்பை முடிக்க ஒரு படம் எடுத்தாக வேண்டும். லாரிசா தேர்ந்தெடுத்தது கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதை. படத்தின் பெயர் 'ஹீட்', அதாவது வெக்கை. படப்பிடிப்பு நடந்ததோ மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளியில். வெயில் 50 டிகிரியை நெருங்க, கேமராவுக்குள் இருந்த ஃபிலிமே உருகியது.

நடுவில் லாரிசாவுக்கு மஞ்சள் காமாலை வேறு வந்துவிட்டது. ஆனாலும் ஊர் திரும்பாமல், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே படத்தை இயக்கினார். உதவிக்கு வந்தவர் கல்லூரி நண்பர் எலெம் கிளிமோவ். பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 1964-ல் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் 'ஹீட்' விருது பெற்றது. அப்போது லாரிசாவுக்கு வயது 26.

20 வருஷம் பெட்டிக்குள் கிடந்த படம்

1966-ல் வந்த 'விங்ஸ்', போரில் விமானம் ஓட்டிய ஒரு பெண் பிறகு பள்ளி முதல்வராகி, அமைதிக்கால வாழ்க்கையில் ஒட்ட முடியாமல் தவிக்கும் கதை. போர் வீரரை இப்படியா காட்டுவது என்று சர்ச்சை கிளம்பியது.

அடுத்த ஆண்டு எடுத்த 'ஹோம்லேண்ட் ஆஃப் எலக்ட்ரிசிட்டி' என்ற குறும்படத்துக்கு நேரடித் தடை. ரஷ்யப் புரட்சியின் 50-ம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்ட அந்தப் படம் 1987-ல்தான் வெளியே வந்தது. அதைப் பார்க்க லாரிசா உயிரோடு இல்லை.

தங்கக் கரடி கிடைத்தது எப்படி?

1973-ல் கர்ப்பமாக இருந்தபோது கீழே விழுந்ததில் லாரிசாவின் முதுகுத்தண்டில் பலத்த அடி. பல மாதம் மருத்துவமனை வாசம். மகன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனா, சாவைப் பக்கத்தில் பார்த்த அந்த நாட்கள் அவரை விடவில்லை. அந்த மனநிலையில்தான் பெலாரஸ் எழுத்தாளர் வாசில் பிக்கவின் 'சோட்னிகவ்' கதையைப் படமாக்க முடிவெடுத்தார்.

இரண்டாம் உலகப் போர். நாஜிகளை எதிர்க்கும் இரண்டு பேர் உணவு தேடிப் போகும்போது பிடிபடுகிறார்கள். ஒருவர் எதையும் சொல்லாமல் தூக்குமேடை ஏறுகிறார். இன்னொருவர் உயிர் பிழைக்க எதிரியின் பக்கம் போய்விடுகிறார். இதுதான் 'தி அஸென்ட்', அதாவது மேலேறுதல்.

முரோம் நகரைச் சுற்றிப் படப்பிடிப்பு. குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போனது. நடிகர்கள் மெல்லிய உடையில் நடுங்கும்போது தான் மட்டும் கதகதப்பாக இருக்கக் கூடாது என்று லாரிசாவும் கனத்த உடையைத் தவிர்த்தார்.

படத்தில் தெரிந்த மதச் சாயல் அதிகாரிகளுக்குப் பிடிக்காது, இதையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. கிளிமோவ் ஒரு வேலை செய்தார். பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பியோத்தர் மஷெரோவுக்குப் படத்தைப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார். மஷெரோவ் போரில் நேரடியாக நாஜிகளை எதிர்த்துப் போராடியவர், தாயை அவர்கள் கையில் பறிகொடுத்தவர். படம் பார்த்து அவர் கண்கலங்க, தடைப் பேச்சு அதோடு முடிந்தது.

1977-ல் 'தி அஸென்ட்' பெர்லின் போனது, தங்கக் கரடியை வென்றது. 1975-ல் ஹங்கேரியின் மார்த்தா மெசாரோஸ் வென்ற பிறகு, இந்த விருதைப் பெற்ற இரண்டாவது பெண் இயக்குநர் லாரிசாதான். சோவியத் அரசே அந்தப் படத்தை ஆஸ்கருக்கும் அனுப்பியது. அங்கே இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. 1978-ல் பெர்லின் விழாவுக்கு அவர் மறுபடியும் போனார். இந்த முறை விருது கொடுக்கும் நடுவர்களில் ஒருவராக.

இரண்டே வருஷம்

உலகமே திரும்பிப் பார்த்த அந்தப் புகழை லாரிசா அனுபவித்தது வெறும் இரண்டு வருஷம். அணைக்காக நீரில் மூழ்கப்போகும் ஒரு கிராமத்தைப் பற்றிய 'ஃபேர்வெல்' படத்தைத் தொடங்கியிருந்தார். 1979 ஜூலை 2-ம் தேதி, படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போன வழியில் கார் விபத்து. லாரிசாவும் அவருடைய படக்குழுவினர் சிலரும் உயிரிழந்தனர். அவருக்கு வயது 41.

மனைவி பாதியில் விட்டுப்போன 'ஃபேர்வெல்' படத்தை கிளிமோவ் எடுத்து முடிக்க, 1983-ல் அது வெளியானது. 1980-லேயே 'லாரிசா' என்ற பெயரில் மனைவிக்காக ஒரு குறும்படமும் எடுத்திருந்தார். லாரிசாவின் படங்களைப் பார்க்க நினைப்பவர்கள் 'தி அஸென்ட்' படத்தில் இருந்தே தொடங்கலாம். அந்த மைனஸ் 40 குளிர், திரையில் தெரியும் முகங்களில் இன்னும் அப்படியே இருக்கு.