கடல் கடந்த குரல்: கார்லோஸ் கார்தெல்

குடிபெயர்தலால் குடும்பங்கள் பிரிந்துபடும் துயரினை ஸ்பானிய மொழித் திரைப்படங்கள் நெடுங்காலமாகப் பேசி வருகின்றன. அம்மொழியில் பேசும்படம் தோன்றிய நாளிலேயே அத்துயருக்குத் தம் குரலால் உருக்கொடுத்தவர் கார்லோஸ் கார்தெல். அவர்தம் வாழ்வும் அத்தகையதொரு கதையே ஆதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கார்தெல் 1890 டிசம்பர் 11ஆம் நாள் பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில் பிறந்தார். பிறப்புப் பதிவேட்டில் தந்தையின் பெயர் இல்லை. மணமாகாத் தாயை அக்காலச் சமூகம் எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. தாயார் பெர்த் 1893இல் இரண்டு வயது மகனுடன் கப்பலேறி, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரை அடைந்தார்; துணி தேய்க்கும் தொழில் செய்து மகனை வளர்த்தார். 1895ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அயல்நாட்டில் பிறந்தவர்கள். ஊரை விட்டு வந்தோரின் ஏக்கம் வீதிதோறும் நிறைந்திருந்த நகரம் அது. அங்கே ஆடலுக்குரிய இசையாகவே பெரிதும் விளங்கிய டாங்கோ, 1917இல் கார்தெல் பதிவு செய்த பாடலுக்குப் பின் கதை சொல்லும் பாட்டாக வேரூன்றியது.

பேசும்படம் வந்தபோது மொழி ஒரு தடையாயிற்று. எனவே பாரமவுண்ட் நிறுவனம் பாரிசை அடுத்த ஜுவான்வில்லில் பல மொழிகளில் படம் எடுத்தது. 1931இல் கார்தெல் அங்கே நடித்தார். பின்னர் நியூயார்க்கிலும் அவருக்குப் படங்கள் அமைந்தன. அர்ஜென்டினாவின் தெருக்களும் வீடுகளும் அயல்நாட்டு அரங்குகளில் அட்டையாலும் மரத்தாலும் எழுப்பப்பட்டன என்பது எண்ணத்தக்கது. ஊரைப் பிரிந்தவனின் ஏக்கத்தை ஊரைப் பிரிந்திருந்தே நடித்தார் அவர்.

அவற்றுள் 1935இல் வெளிவந்த 'நீ என்னை நேசிக்கும் நாள்' என்னும் பொருள்தரும் பெயருடைய படம் தலைசிறந்தது. தந்தையின் எதிர்ப்பை மீறி மணந்து, வறுமையில் மனைவியைப் பறிகொடுத்து, புகழ்பெற்ற பாடகனாகி, மகளுடன் கப்பலில் தாயகம் திரும்பும் ஒருவனின் கதை. கதையமைப்பு வலுவற்றதே, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் கப்பல் தளத்தில் நின்று, திரும்புதலின் அச்சத்தையும் ஆவலையும் அவர் பாடும் காட்சி நெஞ்சைவிட்டு அகலாதது. அவர்தம் பாடல்கள் முடிந்ததும் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் காட்டுமாறு மக்கள் ஆரவாரித்தனர் என்பர். அப்படத்தில் செய்தித்தாள் விற்கும் சிறுவனாகத் தோன்றியவர், பின்னாளில் பெரும் இசைஞராக விளங்கிய ஆஸ்டர் பியசோல்லா. அவருடைய குடும்பமும் அர்ஜென்டினாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறியதே. கார்தெல் தம் இசைப்பயணத்திற்கு அச்சிறுவனை அழைத்தார்; வயது போதாதெனத் தந்தை தடுத்துவிட்டார். அத்தடையே மகனின் உயிரைக் காத்தது.

1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெதெயின் விமான நிலையத்தில், தரையிலேயே இரு விமானங்கள் மோதித் தீப்பற்றின. கார்தெலும், அவர் பாடல்களை எழுதிய லெ பேராவும் மாண்டனர். மகனுக்கு நல்வாழ்வு தேடிக் கடல் கடந்த தாய், அப்போது உறவினரைக் காணத் துலூசுக்குச் சென்றிருந்தார். மகன் இறந்த செய்தி அவன் பிறந்த ஊரிலேயே அவரை எட்டியது.

அவர் எந்நாட்டார் என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. 1920இல் அவர் உருகுவே தூதரகத்தில் தம்மைத் தக்குவாரெம்போவில் பிறந்தவராகப் பதிந்துகொண்டார். 1923இல் அர்ஜென்டினக் குடியுரிமை பெற்றார். 1933இல் தம் கையால் எழுதிய உயிலிலோ துலூசில் பிறந்ததாகக் குறித்துத் தாயையே வாரிசாக்கினார். பிரெஞ்சுக் குடிமகனாயின் முதல் உலகப் போருக்குச் செல்லக் கடமைப்பட்டிருந்தவர் என்பதால், முதற்பதிவை அச்சத்தின் விளைவெனக் கொள்வதே பொருத்தம் என்பது எம் கருத்து. ஆயினும் உருகுவே அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்தம் ஒலித்தட்டுகள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றது அந்நாட்டின் முயற்சியாலேயே.

மெதெயினில் அடக்கம் செய்யப்பட்ட உடல் மீண்டும் எடுக்கப்பட்டு, நியூயார்க், மாண்டிவிடியோ வழியாக 1936 பிப்ரவரியில் புவெனஸ் அயர்ஸ் வந்தடைந்தது. தாயும் அந்நகருக்கே திரும்பி, 1943இல் மறைந்தார். சாக்கரிதா கல்லறைத் தோட்டத்தில் மகனருகே அவரும் அடக்கமானார். அங்குள்ள சிலையின் விரலிடுக்கில் எரியும் சிகரெட்டைச் செருகிச் செல்வது அன்பர்தம் வழக்கம்.