ஒத்துப்போகாதவர்களை ஒன்றுசேர்த்த ராஜாஜி

இளைஞர்களே, ராஜாஜி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது புத்தகங்கள்தான். மகாபாரதத்தை வியாசர் விருந்து என்றும், இராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகன் என்றும் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தவர். ஆனா அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் இருக்கு. 80 வயசுல ஒரு கட்சியைத் தொடங்கி, எதிலும் ஒத்துப்போகாதவர்களை ஒரே மேடையில் உட்கார வைத்தார். எப்படி முடிந்தது, எங்கே தவறியது என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10ஆம் தேதி, ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். சட்டம் படித்து 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில் செய்தார். நல்ல வருமானம். 1917ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். அந்தக் காலத்தில்தான் ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த ஈ.வெ. ராமசாமி, அதாவது பின்னாளில் பெரியார், அவருக்கு நெருங்கிய நண்பரானார். கொள்கையில் இரண்டு பேரும் பிற்பாடு எதிரும் புதிருமாக நின்றார்கள். நட்பு மட்டும் கடைசி வரைக்கும் விட்டுப்போகவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தி கூப்பிட்டதும் வக்கீல் தொழிலை விட்டார், சிறைக்குப் போனார். 1925ல் திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்துபோய் உப்பு எடுத்தார். 1933ல் அவருடைய மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாசுக்கும் கல்யாணம் நடந்தது. சாதி விட்டுச் சாதி நடந்த கல்யாணம். அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1939ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைந்தபோது, அவர்கள் மேல் வழக்கு வராதபடி அவருடைய அரசு சட்டம் கொண்டுவந்தது. சாமி கும்பிடுகிற உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட முக்கியமான தருணம் அது.

ஆனா அதே ஆட்சியில்தான் 1938ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பெரியாரும் சிறைக்குப் போனார். தாளமுத்து, நடராசன் என்ற இரண்டு இளைஞர்கள் சிறையில் இருந்தபோதே இறந்தார்கள். தனிமனித உரிமை பேசப்போகிற ஒருவருடைய வாழ்க்கையில் இது பெரிய கறை. மறைக்க வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மேற்கு வங்காள ஆளுநர். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். 1952ல் சென்னை முதலமைச்சராக வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அரிசிக்கு ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்ற காலம் முடிந்தது. அரசாங்கம் பிடியைத் தளர்த்தினாலே ஜனங்களுக்கு நல்லது நடக்கும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதிப்பட்டது என்று சொல்லலாம். ஆனா 1953ல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் வேறு கதை. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பா செய்கிற தொழிலைக் கற்பது என்ற அந்தத் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். 1954ல் பதவியை விட்டார். காமராசர் முதலமைச்சரானார்.

இந்த வயசில் வேறு யாராவது என்றால் வீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ராஜாஜி உட்காரவில்லை. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், விவசாயிகளின் நிலங்களைச் சேர்த்துக் கூட்டுப் பண்ணை நடத்தலாம் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் ஜூன் மாதம் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது.

அவருடைய வாதம் ரொம்ப எளிமையானது. உழுகிறவனுக்கு அவன் நிலம் சொந்தமாக இருக்கணும். கடை வைக்கவும் தொழில் தொடங்கவும் ஒவ்வொரு படிக்கும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அதிகாரி முன்னால் நிற்கும் நிலை கூடாது. அரசாங்கம் நீதி, பாதுகாப்பு, ஏழைகளுக்கு உதவி ஆகியவற்றைப் பார்க்கட்டும். மனுசனுடைய வாழ்க்கையை அவனே நடத்தட்டும். இதைத்தான் தாராளவாதம் என்கிறோம். கோலா தெர்லா பக்கம் தற்காலிக லைசென்ஸ் நிலத்தில் காய்கறி போட்ட குடும்பங்களுக்கு இது புத்தகத்துக் கொள்கை இல்லை. அடுத்த வருஷம் இந்த நிலம் நம்ம கையில் இருக்குமா என்ற கவலை என்ன என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

யார் யார் சேர்ந்தார்கள் பாருங்கள். ஆந்திர விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா தலைவரானார். ஒரு காலத்தில் சோஷலிஸ்டாக இருந்த பார்சி இனத்து மினு மசானி பொதுச் செயலாளர். குஜராத்தி எழுத்தாளர் கே.எம். முன்ஷி வந்தார். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி வந்தார். வணிகர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வந்தார்கள். பணக்காரர் கட்சி, ராஜாக்கள் கட்சி என்று எதிரிகள் கேலி செய்தார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

இத்தனை பேரையும் ஒரு கூரைக்குள் வைத்திருந்த சூட்சுமம் என்ன? கட்சி 21 அடிப்படைக் கோட்பாடுகளை எழுதி வைத்தது. அதற்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் உறுப்பினர்கள் தங்கள் கருத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. எல்லாத்திலும் ஒரே குரல் வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1962ல் 18 இடம், 1967ல் 44 இடம் பெற்று மக்களவையில் பெரிய எதிர்க்கட்சியானது.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் ஆச்சரியம். 1938ல் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே ராஜாஜி, பிற்காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். ஒருத்தர் மொழியை அரசாங்கம் அவர் மேல் திணிக்கக் கூடாது என்ற இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்தார். 1967 தேர்தலில் அண்ணாவின் தி.மு.க., ராஜாஜியின் சுதந்திரா, காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக், மார்க்சிஸ்டுகள் எல்லாரும் ஒரே அணி. பகுத்தறிவு பேசுகிற கட்சிக்கு ஆசார வீட்டுக்காரர்களிடம் ராஜாஜி ஓட்டுக் கேட்டார்! 1929 கடைசியிலும் 1954லும் பெரியார் மலாயாவுக்கு வந்துபோன கதையை நம்ம தாத்தாக்களிடம் கேட்டவர்களுக்கு, கோயில்காரருக்கும் சுயமரியாதைக்காரருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று தெரியும். அந்தத் தூரத்தைத்தான் அவர் தாண்டினார். காங்கிரஸ் ஆட்சி போனது, அண்ணா முதலமைச்சரானார்.

ஆனா தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டது. கூட்டணி மெல்ல விலகியது. 1971ல் ராஜாஜி தன் பழைய எதிரி காமராசரோடு கைகோத்தார், அந்தக் கூட்டணி தோற்றது. மக்களவையில் சுதந்திரா 8 இடத்துக்குச் சுருங்கியது. அவர் மறைந்த பிறகு 1974ல் வேறு கட்சியோடு கலந்துவிட்டது. ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் சேர்ந்தால் அந்த எதிரி விழுந்ததும் கூட்டமும் கலைந்துவிடும். உரிமை என்கிற கொள்கை மேலிடத்துப் பேச்சாகவே நின்றது, தெருவுக்கும் வயலுக்கும் போதுமான அளவு இறங்கவில்லை.

ஆனா அவருடைய கட்சி அழிந்தாலும் கருத்து அழியவில்லை. 1991ல் இந்தியா லைசென்ஸ் முறையைப் பெரும்பாலும் எடுத்தபோது, அவர் 30 வருஷத்துக்கு முன்னால் கேட்டது நினைவுகூரப்பட்டது.

1972 டிசம்பர் 25ஆம் தேதி ராஜாஜி 94 வயசில் காலமானார். தள்ளாத வயசில் பெரியார் சுடுகாட்டுக்கே வந்து, நண்பனுக்காகக் கண்ணீர் விட்டார்.

தம்பி தங்கைகளே, நம்ம மலையிலும் ஒரே லயத்தில் ஒரு வீடு ஒரு கட்சி, அடுத்த வீடு இன்னொரு கட்சி. தேர்தல் வந்தா கோயில் நிர்வாகத்திலும் அது புகுந்துவிடுகிறது. கட்சியை விடச் சொல்லவில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்கிற ஒரு சின்னப் பட்டியல் மட்டும் நமக்கு வேண்டும். அது ஏற்கெனவே இருக்கு. நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தில் 5 முதல் 13 வரையுள்ள பிரிவுகள்: உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு, சட்டத்தின் முன் சமம், பேச்சு, சமயம், கல்வி, சொத்து. அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்த ஒன்பது பிரிவுகளையும் தமிழில் வாசித்து, வரம்புகளையும் சேர்த்துப் பேசுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கூப்பிடுங்கள்.